பண்ணை நீடித்து நிற்குமா என்பதை எதை வைத்து அளப்பது? அளந்தால் கொள்கை மாறுமா?

கீழ்பவானி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதை முழுதாகப் படிப்பவன் நான். இத்தனை ஏக்கருக்குச் சொட்டுநீர், இத்தனை ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை, இத்தனை பேருக்குப் பண்ணைக் கருவி என்று எண்கள் வரிசையாக இருக்கும். எல்லாமே அரசு கொடுத்தவற்றின் கணக்கு. கொடுத்த பிறகு நிலத்தில் என்ன ஆனது? பசுந்தாள் மடக்கி உழுத வயலில் கரிமச் சத்து ஏறியதா? சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் கிணற்று மட்டம் எங்கே நிற்கிறது? அந்த வீட்டின் கடன் குறைந்ததா? இவற்றுக்கு அந்த அறிக்கையில் ஒரு வரி கிடைக்காது.

இதற்கென்றே உலக அளவில் ஒரு குறியீடு உண்டு. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 2.4.1 என்பது அதன் எண். ஒரு நாட்டின் விவசாய நிலத்தில் எத்தனை பங்கு விளைச்சலும் தந்து நீடித்தும் நிற்கக்கூடிய முறையில் இருக்கிறது என்பதை அது கேட்கிறது. உணவு மற்றும் வேளாண் அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) இதற்கு 11 துணைக் குறியீடுகள் வகுத்திருக்கிறது. ஹெக்டேருக்கு விளைச்சல் மதிப்பு, நிகர வருமானம், கடன், காப்பீடு, பல பயிர் என்று இடரைத் தாங்கும் வழிகள், மண் சீர்கேடு, நீர் கிடைப்பதில் வரும் மாற்றம், உரம், பூச்சிமருந்து, பல்லுயிர், கூலி, அந்த வீட்டிலேயே சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உண்டா என்பது, நிலத்தின் மீதான உரிமை. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம். மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிப்பு, வளம் குறைதல், உவர், நீர் தேங்குதல் என்ற கேடுகள் பண்ணையின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழ் இருந்தால் பச்சை, பாதிக்கு மேல் போனால் சிவப்பு.

எனக்கு இதில் பிடித்தது, வருமானத்தையும் மண்ணையும் ஒரே காகிதத்தில் வைத்துக் கேட்பது. மண்ணை நன்றாக வைத்துக்கொண்டு நட்டத்தில் ஓடும் பண்ணை நாளைக்கு மனைக்கட்டாகிவிடும். நல்ல லாபத்தோடு ஓடும் பண்ணை நிலத்தடி நீரைத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் தனித்தனித் துறைகள் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் நம் திட்டங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன.

என் கேள்வி இதுதான்: தமிழ்நாட்டில் இப்படி ஒரு அளவீட்டைப் பண்ணை மட்டத்தில் தொடர்ந்து எடுக்க முடியுமா? எடுத்தால் அது கொள்கையைத் தொடுமா? களத்தில் இருப்பவர்கள் மனம்விட்டு எழுதுங்கள்.

மேட்டுக்காடு

திருப்பூர் மாவட்டம், கிணற்றுப் பாசனம். கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் பக்கம் "அளக்கப் போகிறோம்" என்று யாராவது வந்தால் முதலில் தோன்றுவது மின் மீட்டர்தான். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பேசினால் இந்த விவாதம் எங்கேயும் போகாது.

1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து கோவை வட்டாரத்தில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்தில் மாட்டு வண்டிகள் சாலைக்கு வந்தன. துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததற்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. இன்றைக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. அதாவது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம் என்பது எங்களுக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசும் பிர்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டம்) வாரியாக அறிக்கை தருகின்றன. ஆண்டுதோறும் ஊறும் நீரை விட அதிகமாக எடுத்தால் அதிநுகர்வு, 90 முதல் 100 சதவீதம் என்றால் அபாயம், 70 முதல் 90 வரை மிதமான அபாயம். தமிழ்நாட்டில் 1,100-க்கு மேற்பட்ட பிர்காக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிநுகர்வில் இருக்கின்றன. நீர்மட்டத்தை உண்மையிலேயே கண்காணிப்புக் கிணறுகளில் அளக்கிறார்கள். ஆனால் எடுக்கும் நீர் என்று போடும் எண், பெரும்பாலும் கிணறுகளின் எண்ணிக்கையையும் பயிர்ப் பரப்பையும் வைத்துப் போடும் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டை வைத்துக்கொண்டு என் தோட்டத்துக்கு நிறம் பூசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீட்டர் வைத்து அளந்தால் அடுத்த வருடம் பில் வரும் என்று ஊரே ஒப்புக்கொள்ளாது. இந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும்.

புள்ளிக்கணக்கு

விவசாயப் புள்ளிவிவரச் சேகரிப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பண்ணை மட்டத்தில் தொடர்ந்து அளப்பது நமக்குப் புதிதல்ல. 1970-71 முதல் இந்தியாவில் சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்புத் திட்டம் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதை நடத்துவது வேளாண் பல்கலைக்கழகம். ஊர்த் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, நிலத்தின் அளவை ஐந்து வகையாகப் பிரித்து, வகைக்கு இரண்டு பேர் என்று ஒரு தொகுதியில் பத்துப் பண்ணைகளை எடுத்து, அதே வீடுகளை மூன்று வருடம் விடாமல் பின்தொடர்வார்கள். எத்தனை ஆள், எத்தனை மூட்டை உரம், எத்தனை மணிநேரம் டிராக்டர், எத்தனை குவிண்டால் என்று களப்பணியாளர் அங்கேயே இருந்து எழுதுவார். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அடிப்படையாக இருக்கும் ஏ2 (கையிலிருந்து கொடுத்த செலவு), அதோடு குடும்ப உழைப்பைச் சேர்த்த கணக்கு, நில வாடகையும் வட்டியும் சேர்த்த சி2 எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

அருமையான தரவு. ஆனால் விலை பரிந்துரைக்கு மேல் அது அதிகம் பயன்படுவதில்லை. உரத்தின் அளவு அதில் இருக்கிறது, அந்த வயலின் மண் பரிசோதனை இல்லை. பாசனச் செலவு இருக்கிறது, கிணற்றின் ஆழம் இல்லை. ஏற்கெனவே போய் உட்காரும் அதே வீட்டில் இன்னும் சில கேள்விகள் கேட்டு, வருடத்துக்கு ஒரு முறை மண் எடுத்து, இரண்டு முறை கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தால் கீழ்பவானி கேட்பதில் முக்கால்வாசி வந்துவிடும்.

ஐரோப்பா இப்போது செய்துகொண்டிருப்பதும் இதைத்தான். அங்கே 1965-இலேயே பண்ணைக் கணக்குத் தரவு வலையம் ஒன்று தொடங்கினார்கள். வருமானம் மட்டும் பார்ப்பதற்காக உருவானது. 2023-இல் புதிய விதி கொண்டுவந்து, 2025 கணக்காண்டிலிருந்து அதையே சுற்றுச்சூழல், சமூகக் கேள்விகளும் சேர்ந்த நிலைத்தன்மைத் தரவு வலையமாக மாற்றுகிறார்கள். அயர்லாந்து இதற்கு முன்பே செய்துகாட்டியது. அந்நாட்டு வேளாண் ஆய்வு அமைப்பான டீகாஸ்க் சுமார் 900 பண்ணைகளில் எடுக்கும் தேசியக் கணக்கெடுப்பிலிருந்து பால் பண்ணை, மாட்டுப் பண்ணை, பயிர்ப் பண்ணை என்று வகை வாரியாக நிலைத்தன்மை அறிக்கை போடுகிறது. ஒரு கிலோ பாலுக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு, ஹெக்டேருக்கு எவ்வளவு நைட்ரஜன் மிஞ்சுகிறது என்பதோடு, விவசாயி தனியாக வாழ்கிறாரா, வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உழைக்கிறார் என்பதும் அதில் உண்டு. கடைசிக் கேள்வியை நம் நாட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மேட்டுக்காடு ஐயா சொன்ன பயத்துக்கும் அங்கே ஒரு பதில் இருந்தது. அந்த வலையத்தின் விதியிலேயே, தனிப் பண்ணையின் கணக்கை வரி போடப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நமக்கும் 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் இருக்கிறது. தனியாளின் தகவலைப் புள்ளிவிவர வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. சட்டம் இருந்தும் ஊரில் யாருக்கும் அது தெரியாது. அளக்கப் போகும் ஆள் முதல் நாள் அதைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் நோட்டைத் திறக்க வேண்டும்.

கடைமடை

நாகப்பட்டினம் பக்கம். அளவு எங்களுக்கு எதிராகத் திரும்பியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கர்நாடகம் விட வேண்டிய நீர் 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 10 டி.எம்.சி.க்குச் சொல்லப்பட்ட காரணம், தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. டெல்டா முழுவதுக்கும் சேர்த்த ஒரு எண். தஞ்சாவூர் மேற்கே நூறு அடியில் நல்ல தண்ணீர் வரலாம். எங்களுக்குக் கடல் பக்கம், போர்வெல் போட்டால் உப்பு. மாவட்டச் சராசரியில் நாங்கள் தெரியவே மாட்டோம். ஆகவே அளக்கிறோம் என்பவர்களிடம் என் முதல் கேள்வி, எந்த மட்டத்தில் கூட்டிச் சராசரி போடுவீர்கள் என்பது.

மண்வள அட்டையும் இதே கதைதான். 2015-இல் தொடங்கிய திட்டம். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம் என்று 12 அளவுகள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் விதி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாய்க்கால் தலைப்பில் மூன்று பேருக்கு ஒரே மண். மானாவாரிக் காட்டில் பதின்மூன்று பேருக்கு ஒரே மண். பக்கத்து வயலில் உவர் பூத்திருக்கும், என் அட்டையில் எல்லாம் சரி என்று இருக்கும்.

சரி, அட்டை சரியாகவே இருக்கட்டும். யூரியாவைக் குறை, மற்றச் சத்துகளைக் கூட்டு என்று அட்டை சொல்கிறது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச் சத்துக்கான டி.ஏ.பி. உரம் 50 கிலோ 1,350 ரூபாய். கடையில் நிற்கும் விவசாயிக்கு அட்டை ஒன்று சொல்கிறது, விலை வேறொன்று சொல்கிறது. எதைக் கேட்பான்? அளந்தவர் ஒரு துறை, விலை வைத்தவர் இன்னொரு துறை. அளவு கொள்கைக்குப் போய்ச் சேராத இடம் இதுதான்.

இன்னொன்று. 2.4.1-இல் நில உரிமை ஒரு குறியீடு என்கிறீர்கள். எங்கள் பக்கம் உழுபவர்களில் எத்தனையோ பேர் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்பதால் யாரும் பதிவதில்லை. பட்டாவை வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் சென்னையில் இருப்பவரைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

மேட்டுக்காடு

கடைமடை அண்ணன் சொன்ன பத்து டி.எம்.சி. கதை எங்கள் பிர்காவுக்கும் பொருந்தும். ஒரே பிர்காவில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாயும் ஊரும் உண்டு, பாயாத ஊரும் உண்டு. சராசரியில் இரண்டும் ஒன்று.

வன்னிவயல்

கீழ்பவானி அண்ணைக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அளவில்லாமல் கொள்கை போட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் சனம் வயிற்றால் அறிந்தது.

2021 மே மாதம் ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலோடு அசேதனப் பசளை, அதாவது இரசாயன உர, இறக்குமதி நின்றது. அடுத்த காலபோகத்துக்கு (மாரி மழையில் செய்யும் பெரிய போகம்) வயல்காரர் கையில் யூரியா இல்லை. சேதனப் பசளை (இயற்கை உரம்) தருவோம் என்றார்கள், தேவையான அளவு வரவில்லை. நவம்பரில் அரசு தடையை விலக்கிக்கொண்டது. அதற்குள் விதைத்த பயிர் மஞ்சளாகிவிட்டது. நெல்லில் ஏறக்குறையத் தன்னிறைவோடு இருந்த நாடு அரிசி இறக்குமதிக்குப் போனது. மலையகத்தில் தேயிலையும் அடி வாங்கியது.

இயற்கை முறைக்கு நான் எதிரானவன் அல்ல. ஆனால் அதற்கு முந்தின வருடங்களையும் பாருங்கள். 2005 முதல் 50 கிலோ பசளை மூடையை 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒரு மண்ணுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்தா கொடுத்தார்கள்? ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். அள்ளிக் கொடுத்ததும் அளவில்லாமல், ஒரே நாளில் பறித்ததும் அளவில்லாமல். எந்தப் பிரதேசத்து வயலில் எவ்வளவு நைதரசனைக் குறைத்தால் எத்தனை மூடை விளைச்சல் குறையும் என்று மாவட்டம் மாவட்டமாகப் பார்த்துப் படிப்படியாகச் செய்திருக்க வேண்டிய காரியம் அது.

எங்களிடம் நல்ல உதாரணமும் ஒன்று உண்டு. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு (குளத்து நீரை நம்பிச் செய்யும் இரண்டாம் போகம்) முன் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்து இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சேர்ந்த கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அந்த ஏக்கரைப் பங்கு போட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். சண்டை வரும், குறைகள் உண்டு. என்றாலும் அளவு சொல்லப்படுவதும் முடிவு எடுக்கப்படுவதும் ஒரே கூட்டத்தில், பாதிக்கப்படும் ஆட்களின் முன்னால் நடக்கிறது.

நடவு வீடு

இதுவரை எழுதிய எல்லோருக்கும் நிலமோ குத்தகையோ இருக்கிறது. என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். அவர் எந்தக் கணக்கில் வருவார்?

2.4.1-இல் கூலி ஒரு குறியீடாக இருப்பது நல்லதுதான். ஆனால் கேள்வி கேட்கப்படுவது பண்ணை வைத்திருப்பவரிடம். நீங்கள் கொடுக்கும் கூலி குறைந்தபட்சக் கூலிக்கு மேலா, கீழா என்று. கொடுப்பவர் சொல்வதற்கும் வாங்குபவர் சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்று எங்கள் தெருவில் வந்து கேட்டுப் பாருங்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதையும் "சராசரிக் கூலி" மறைத்துவிடும். வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உண்டா என்ற கேள்வியும் பண்ணைக்காரர் வீட்டில்தான் கேட்கப்படுகிறது. நிலமில்லாத வீடு பண்ணையே இல்லை என்பதால் மாதிரியிலேயே சேராது. டெல்டாவில் வயலில் இறங்குபவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று கடைமடை அண்ணனுக்குத் தெரியும்.

நிலம் உள்ளவர்கள் விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன். தேசிய மாதிரி ஆய்வின் 77-ஆவது சுற்றில், 2018-19-க்கு, இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று வந்தது. அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலி, சம்பளத்திலிருந்து வந்தது 4,063. அதாவது "விவசாயக் குடும்பம்" என்று நாம் எழுதும் வீட்டுக்கே கூலிதான் பெரிய வருமானம். பண்ணையை மட்டும் அளந்து பார்த்தால் அந்தக் குடும்பம் எதனால் நிற்கிறது என்பது தெரியவே தெரியாது. வீட்டை அளங்கள். நிலமில்லாத வீட்டையும் சேர்த்து அளங்கள்.

மலைச்சாரல்

எல்லாம் படித்தேன். ஆனால் அமைச்சர் மேசையில் 11 நிறங்களை வைத்தால் யார் பார்ப்பார்கள்? ஒவ்வொரு பண்ணைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே மதிப்பெண் கொடுங்கள். அதிக மதிப்பெண் வாங்கினால் கூடுதல் மானியம், வட்டியில் சலுகை என்று அறிவித்தால் ஆளாளுக்கு முன்னேறப் பார்ப்பார்கள். எளிமையாக இருந்தால்தான் கொள்கை ஆகும். வாங்குபவர்களும், ஏற்றுமதி நிறுவனங்களும் கேட்பது ஒற்றை எண்ணைத்தான்.

புள்ளிக்கணக்கு

மலைச்சாரல், இந்த யோசனையை நான் முழு மூச்சோடு எதிர்க்கிறேன். இரண்டு காரணம்.

கரிமச் சத்துக்கு 10, கூலிக்கு 10, நிலத்தடி நீருக்கு 10 என்று போட்டுக் கூட்டினால், நல்ல வருமானம் பார்க்கும் பண்ணை தண்ணீரில் பூஜ்யம் வாங்கினாலும் தேறிவிடும். வற்றிய கிணற்றைப் பண வரவு ஈடு செய்யாது. எஃப்.ஏ.ஓ. அதனால்தான் கூட்டிச் சராசரி போடாமல், 11 நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மிக மோசமாக இருப்பது எதுவோ அதையே நாட்டின் நிலையாக எடுக்கிறது. கடுமையான முறைதான். ஆனால் எங்கே ஓட்டை என்று அது காட்டும்.

இரண்டாவது, அளவோடு பணத்தைக் கட்டிய மறுநாள் அளவு கெட்டுவிடும். உர மூட்டையைக் குறைத்துச் சொல்வார்கள், கூலியைக் கூட்டிச் சொல்வார்கள். நான் நோட்டோடு போன வீடுகளில் மானியத்தோடு சம்பந்தமில்லை என்று நம்பிய பிறகுதான் கடன் கணக்கையே வாய் திறந்து சொன்னார்கள். மாதிரிப் பண்ணைகளுக்கு நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள், அது நியாயம். பதிலுக்கு ஏற்ற பரிசு மட்டும் வேண்டாம்.

மேட்டுக்காடு

சொட்டுநீர் பற்றிக் கீழ்பவானி கேட்டதற்கு யாரும் பதில் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. நானும் போட்டிருக்கிறேன், ஆள் செலவு குறைந்தது, விளைச்சல் ஏறியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்க் கிணறுகள் நிமிர்ந்தனவா? மிச்சமான தண்ணீரில் பக்கத்தில் சும்மா கிடந்த இரண்டு ஏக்கரையும் தென்னைக்குக் கொண்டுவந்தோம். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். முன்பு வாய்க்காலில் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கிய நீரும் இப்போது இறங்குவதில்லை. அரசின் கணக்கில் "இத்தனை ஏக்கர் நுண்ணீர்ப் பாசனம்" என்று வெற்றி. கிணற்று மட்டத்தை எழுதியிருந்தால் கதை வேறு.

மீட்டர் விஷயத்தில் பஞ்சாப் 2018-இல் ஒன்று செய்து பார்த்தது. தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி என்ற பெயரில். விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களுக்கு மீட்டர், மின்சாரத்தில் இவ்வளவு யூனிட் உன் பங்கு, அதில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் கையில், தாண்டினால் பில் கிடையாது. புள்ளிக்கணக்கு ஐயா சொன்னது போல பணத்தோடு கட்டிய அளவுதான். ஆனால் இங்கே விவசாயி சொல்லும் பதிலை நம்ப வேண்டியதில்லை, மீட்டர் ஓடுகிறது. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது ஆந்திராவில் 2000-களில் ஏழு மாவட்டங்களில் நடந்தது. விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம், எஃப்.ஏ.ஓ. துணையோடு. ஊர்க்காரர்களே மழைமானி வைத்து, கிணற்றில் மட்டம் எடுத்து, ரபி (குளிர்காலச் சாகுபடி) பருவத்துக்கு முன்னால் ஊர் கூடி நீர் வரவுசெலவு போட்டார்கள். தடை இல்லை, அபராதம் இல்லை. கணக்கைப் பார்த்து நெல்லைக் குறைத்து வேறு பயிருக்குப் போன ஊர்கள் உண்டு. வன்னிவயல் சொன்ன குளத்துக் கூட்டம் கிணற்றுப் பாசனத்திலும் நடக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. மத்திய அரசின் அடல் பூஜல் நிலத்தடி நீர்த் திட்டமும் ஊராட்சி மட்டத்தில் நீர் வரவுசெலவு கேட்டது. அது எடுத்துக்கொண்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

கீழ்பவானி

எல்லோருக்கும் நன்றி. இழை நான் நினைத்ததை விட ஆழமாகப் போய்விட்டது. நிதிநிலை அறிக்கைக்கு முன் வேளாண் துறை கருத்துக் கேட்கும்போது அனுப்ப, இதிலிருந்து ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். என் மனதில் உள்ள வடிவம் இது.

சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்பின் மாதிரிப் பண்ணைகளை அடித்தளமாக வைத்துக்கொள்வது. அதே வயலில் மண், அதே கிணற்றில் மட்டம், அதே வீட்டில் கடன், உழைக்கும் மணிநேரம். மாதிரி எடுக்கும் பிரிவு மாவட்டமாக இருக்கக் கூடாது. தலைமடை, கடைமடை, வாய்க்கால் பாசனம், கிணற்றுப் பாசனம், மானாவாரி என்று வேளாண் சூழலாகப் பிரிக்க வேண்டும். நடவு வீடு சொன்னபடி, அதே ஊர்களில் நிலமில்லாத வீடுகளும் மாதிரியில் சேர வேண்டும், கூலியை வாங்குபவரிடம் கேட்க வேண்டும். ஒற்றை மதிப்பெண் வேண்டாம். தனி வீட்டின் தகவல் மானியத்துக்கோ மின்கட்டணத்துக்கோ போகாது என்று எழுத்தில் வேண்டும்.

அடுத்து, நான் மிகவும் அழுத்திக் கேட்க விரும்புவது: எந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினாலும், மூன்று வருடம் கழித்து இந்தத் தரவிலிருந்து அதற்கு ஒரு பக்கம் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் விதை வாங்கிய ஊர்களில் கரிமம் என்ன ஆனது, வாங்காத ஊர்களில் என்ன ஆனது? நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையைப் பரப்புகிறோம் என்றால், வயலில் நீர் குறைந்ததா, மீத்தேன் குறைந்ததா, களைக்கு ஆள் செலவு கூடியதா? கூடியிருந்தால் அந்தச் செலவு யார் தலையில்? இப்படிக் குறையும் வாயுவைக் கார்பன் கணக்காகப் போட்டு விற்க இப்போதே நிறுவனங்கள் ஊருக்குள் வருகின்றன. பொதுவில் ஒரு அளவு இல்லையென்றால் அவர்கள் வைப்பதே அளவாகிவிடும்.

ஊருக்குத் திரும்பச் சொல்வது எங்கே என்பதில்தான் எனக்குக் குழப்பம். கிராம சபையா, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமா?

கடைமடை

ஆற்றுப் பாசனத்தில் சங்கம் சரி. ஆனால் அதில் வாக்கு நிலம் உள்ளவருக்குத்தான், நடவு வீடு தங்கச்சிக்கு அங்கே நாற்காலி கிடைக்காது. கிராம சபையில் வையுங்கள், மேட்டூர் திறப்பதற்கு முன் ஒரு முறை, சம்பா அறுத்த பிறகு ஒரு முறை. மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கணக்கெடுப்பவர் பட்டாவைக் கேட்கக் கூடாது, இந்தப் போகத்தில் இந்த வயலை உழுதது யார் என்று மட்டும் கேட்க வேண்டும், அந்தப் பெயரை அடங்கலிலோ (ஊர்ச் சாகுபடிப் பதிவேடு) வேறு பதிவிலோ ஏற்றக் கூடாது. இந்த வரி இருந்தால் எங்கள் ஊரில் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.

நடவு வீடு

எங்கள் தெருவிலும் வாங்கித் தருகிறேன். பெண்களின் கூலியைத் தனிப் பத்தியாக எழுதிவிட்டு வரைவை இங்கேயே போடுங்கள் அண்ணா.